எத்தனைக்கு எத்தனை? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை நீங்களே கணக்கிட

முடிவு வெளியாகும் மதியம் நவி மும்பையின் கோபர்கைரனேயில் ஒரு தமிழ் வீட்டுக்கு மூன்று போன் வரும். முதல் போன் நெல்லைப் பக்கத்திலிருந்து தாத்தா: "ஆயிரத்து இருநூறுக்கு எவ்வளவுட்டி?" இரண்டாவது செம்பூர் அத்தை: "பர்சன்டேஜ் என்னம்மா?" மூன்றாவது கிளாஸ் சார்: "பி.சி.எம். எவ்வளவு?" ஒரே மார்க்‌ஷீட்டைப் பார்த்துப் பிள்ளை மூன்று பேருக்கும் மூன்று எண் சொல்கிறாள். மூன்றும் சரிதான்.

குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். மதிப்பெண் என்பது ஒரே எண் என்று நினைத்துக்கொண்டு, ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவருக்குச் சொல்லிவிடுகிறோம். விண்ணப்பப் படிவத்திலும் அதையே எழுதிவிடுகிறோம். இதைத் தவிர்க்க ஒரு கேள்வி போதும். நம் ஊரில் காலங்காலமாகக் கேட்கும் கேள்விதான்: "எத்தனைக்கு எத்தனை?" கேட்பவர் யார், அவர் எந்தப் பாடங்களைக் கூட்டுகிறார், எதால் வகுக்கிறார் என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இந்த அத்தியாயம் மகாராஷ்டிர வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு, அதாவது எச்.எஸ்.சி., அறிவியல் பிரிவு எழுதிய மாணவரை மனத்தில் வைத்தது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் தனிப் பகுதி உண்டு.

தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

1. ஹால் டிக்கெட். இருக்கை எண்ணுக்கு (சீட் நம்பர்) இதுதான் ஆதாரம்.
2. தேர்வு விண்ணப்பத்தில் கொடுத்தபடி தாயின் பெயர். வாரியத்தின் முடிவுத் தளம் சீட் நம்பரோடு தாயின் பெயரையும் கேட்கும். வீட்டில் கூப்பிடும் பெயரையோ ஆதாரில் உள்ள வேறு எழுத்துக்கூட்டலையோ போட்டால் பக்கம் திறக்காது.
3. இணையத்தில் வந்த முடிவின் அச்சுப் பிரதி. மூல மார்க்‌ஷீட் சில நாள் கழித்து ஜூனியர் காலேஜில் கிடைக்கும்.
4. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட். பலருக்கு ஒரே மதிப்பெண் வந்து சமநிலை ஆகும்போதும் பெயர் சரிபார்க்கும்போதும் உதவும்.
5. ஒரு தாள், பேனா, கால்குலேட்டர். கணக்கை மொபைலிலேயே முடித்துவிடாமல் தாளில் எழுதுங்கள். பிறகு சரிபார்க்க முடியும்.

முதல் கணக்கு: மொத்த விழுக்காடு

மகாராஷ்டிர வாரியத்தில் இப்போது ஆறு பாடங்கள், பாடத்துக்கு 100, மொத்தம் 600. சுற்றுச்சூழல் கல்விக்கும் உடற்கல்விக்கும் கிரேடு மட்டும்தான், அவை கூட்டலில் சேராது. பழைய மார்க்‌ஷீட்டில் சுற்றுச்சூழல் பாடத்துக்கு 50 மதிப்பெண் இருந்ததால் மொத்தம் 650 என்றிருக்கும். அண்ணன், அக்காவின் பழைய தாளை வைத்துக்கொண்டு இந்த ஆண்டுக் கணக்கைப் போடாதீர்கள்.

ஒவ்வொரு 100-ம் இரண்டு துண்டாக வருகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. கணிதத்தில் எழுத்து 80, செய்முறை 20. ஆங்கிலத்தில் எழுத்து 80, மீதி 20 வாய்மொழி போன்ற அகமதிப்பீடு. செய்முறை மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு முன்பே முடிந்துபோன விஷயம் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் மறுமதிப்பீட்டுப் பகுதியில் இது தேவைப்படும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மாணவியின் மதிப்பெண்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க இதே எண்கள்தான் வரும்.

- ஆங்கிலம்: 71
- தகவல் தொழில்நுட்பம் (ஐ.டி.): 92
- இயற்பியல்: 68
- வேதியியல்: 74
- கணிதம்: 81
- உயிரியல்: 77

கணக்குப் போடும் முறை இதுதான்:

1. ஆறையும் கூட்டுங்கள்: 463.
2. 600-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 77.17.
3. இரண்டு தசம இடங்களோடு நிறுத்துங்கள்.

வாரியம் போடும் வகுப்பு இந்த விழுக்காட்டைப் பொறுத்தது. 75 முதல் டிஸ்டிங்க்‌ஷன், 60 முதல் முதல் வகுப்பு, 45 முதல் இரண்டாம் வகுப்பு, 35 முதல் தேர்ச்சி. நம் மாணவி டிஸ்டிங்க்‌ஷன்.

தாத்தாவுக்கான பதிலும் இங்கேயே கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பல ஆண்டுகள் 1200-க்கு நடந்தது. 2019 முதல்தான் 600 ஆனது. 463-ஐ இரண்டால் பெருக்கி 926 என்று சொல்லுங்கள். அவர் பழகிய அளவுகோலில் பேத்தி எங்கே நிற்கிறாள் என்று அவருக்கே புரிந்துவிடும்.

குறிப்பு: பத்தாம் வகுப்பில் சிறந்த ஐந்து பாடங்களை வைத்து விழுக்காடு போட்ட பழக்கத்தில், பன்னிரண்டிலும் குறைந்த மதிப்பெண் பாடத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. எச்.எஸ்.சி. மார்க்‌ஷீட்டில் ஆறும் சேரும்.

இரண்டாம் கணக்கு: பி.சி.எம். விழுக்காடு

பொறியியல் சேர்க்கைக்குக் கேட்பது மொத்தம் அல்ல. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்று மட்டும்.

1. 68 + 74 + 81 = 223.
2. 300-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 74.33.

மொத்தத்தில் 77-ஐத் தாண்டியவர் இங்கே 75-ஐத் தொடவில்லை. ஐ.டி. பாடத்தின் 92-தான் மொத்தத்தைத் தூக்கியது; அந்தத் தூண் இந்தக் கணக்கில் கிடையாது.

மகாராஷ்டிரத்தில் பொறியியல் சேர, பொதுப் பிரிவினருக்கு இந்த மூன்று பாடங்களில் 45 விழுக்காடு வேண்டும்; மாநில இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. அதாவது 300-க்கு 135 அல்லது 120. நம் மாணவி எளிதாகத் தாண்டிவிட்டார். ஆனால் இது வாசல் மட்டுமே. உள்ளே போனபின் வரிசையில் எந்த இடம் என்பதை வேறொரு எண் தீர்மானிக்கிறது. அதுதான் மாநில நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் பர்சன்டைல்; அதை நான்காம் கணக்கில் பார்ப்போம்.

மூன்றாம் கணக்கு: ஐந்து பாட 75 விழுக்காடு

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையில் வேறொரு விதி இருக்கிறது. பொதுப் பிரிவினருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 65. அது எட்டாவிட்டால், தன் வாரியத்தில் அந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்களில் தன் பிரிவின் முதல் 20 பர்சன்டைலுக்குள் வந்திருக்க வேண்டும்.

இந்த 75-ஐக் கணக்கிட ஐந்து பாடங்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இன்னொரு பாடம்.

1. மூன்று முக்கியப் பாடங்கள்: 223.
2. மொழி, ஆங்கிலம்: 71.
3. மீதியில் அதிகமானது, ஐ.டி.: 92. உயிரியலின் 77 இங்கே விலகிக்கொள்கிறது.
4. கூட்டினால் 386. 500-ஆல் வகுத்தால் 77.20 விழுக்காடு.

ஒரே தாளிலிருந்து 77.17, 74.33, 77.20 என்று மூன்று விழுக்காடுகள் வந்துவிட்டன. படிவத்தில் "விழுக்காடு" என்று வெறுமனே ஒரு கட்டம் இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். எந்தப் பாடங்கள் என்பதை விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எச்சரிக்கை: 74.99 என்பது 75 ஆகாது. தகுதி விழுக்காட்டை மேல்நோக்கி முழுமையாக்கி எழுதினால், சான்று சரிபார்க்கும் மேசையில் இடம் போய்விடும்.

நான்காம் கணக்கு: பர்சன்டைல்

விழுக்காட்டில் கேள்வி "எத்தனைக்கு?" பர்சன்டைலில் கேள்வி "எத்தனை பேரில்?" இதைப் பிடித்துக்கொண்டால் போதும். 92 பர்சன்டைல் என்றால் 100-க்கு 92 வாங்கியதாக அர்த்தம் இல்லை. உங்களோடு எழுதியவர்களில் 100-க்கு 92 பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏன் இந்தச் சுற்று? மகாராஷ்டிரத்தின் எம்.எச்.டி. சி.இ.டி. கணினியில், பல நாள், பல ஷிப்டுகளில் நடக்கிறது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேறு வினாத்தாள். காலை ஷிப்டுக்கு எளிய தாளும் மாலை ஷிப்டுக்குக் கடினமான தாளும் வந்துவிட்டால் வெறும் மதிப்பெண்ணை ஒப்பிடுவது அநியாயம். அதனால் ஒவ்வொருவரையும் அவரவர் ஷிப்டுக்குள் ஒப்பிட்டுவிட்டுப் பிறகு எல்லா ஷிப்டையும் ஒரே பட்டியலில் சேர்க்கிறார்கள்.

*படி 1: அசல் மதிப்பெண்ணை எடுங்கள்*

பி.சி.எம். பிரிவில் இயற்பியல் 50 கேள்வி, வேதியியல் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். கணிதம் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2. மொத்தம் 200. தவறான விடைக்குக் கழிவு இல்லை. தேர்வுக்குப் பிறகு விடைக்குறிப்பும் நீங்கள் அழுத்திய விடைகளும் உங்கள் லாகினில் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போடுங்கள்.

இயற்பியலில் 31 சரி, வேதியியலில் 35 சரி, கணிதத்தில் 23 சரி என்றால் 31 + 35 + 46 = 112.

*படி 2: சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்*

உங்கள் ஷிப்டில் உங்கள் மதிப்பெண்ணோ அதற்குக் குறைவோ வாங்கியவர்களின் எண்ணிக்கையை, அந்த ஷிப்டில் எழுதிய மொத்தப் பேரால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அதுதான் பர்சன்டைல்.

காலை ஷிப்டில் 20,000 பேர் எழுதினார்கள், 112-ம் அதற்குக் கீழும் வாங்கியவர்கள் 18,400 பேர் என்று வைத்துக்கொள்வோம். 92 பர்சன்டைல். மாலை ஷிப்டில் 21,000 பேர், தாள் கடினம். அங்கே 98 வாங்கிய ஒரு பையனுக்குச் சமமாகவும் கீழாகவும் 19,320 பேர். அவனுக்கும் 92 பர்சன்டைல். 14 மதிப்பெண் வித்தியாசம் இருந்தும் இருவரும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

இந்த எண்ணிக்கைகள் தேர்வு நடத்துபவரிடம்தான் இருக்கும். ஆகவே உங்கள் பர்சன்டைலை வீட்டில் முன்கூட்டியே துல்லியமாகக் கணக்கிட முடியாது. "112-க்கு இத்தனை பர்சன்டைல் நிச்சயம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அது போன ஆண்டுப் பட்டியலை வைத்துச் சொல்லும் உத்தேசம்.

*படி 3: பாட பர்சன்டைலைச் சராசரி எடுக்காதீர்கள்*

ஸ்கோர் கார்டில் இயற்பியல், வேதியியல், கணிதம் தனித்தனியாகவும் மொத்தம் தனியாகவும் வரும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டு "மொத்தம் தப்பாக வந்திருக்கிறது" என்று பதறுபவர்கள் ஏராளம். மொத்த பர்சன்டைல் மொத்த மதிப்பெண்ணிலிருந்து தனியாகக் கணக்கிடப்படுகிறது. அது சராசரியோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

*படி 4: உத்தேச வரிசை எண்*

100-லிருந்து உங்கள் பர்சன்டைலைக் கழியுங்கள். எழுதிய மொத்தப் பேரின் எண்ணிக்கையால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 4 லட்சம் பேர் எழுதியிருந்தால் 92 பர்சன்டைலுக்கு முன்னால் சுமார் 32,000 பேர் இருக்கிறார்கள். 99 என்றால் 4,000. மேலே போகப் போக அரை பர்சன்டைலும் பெரிய தூரம். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏழு இடம் வரை போடுவது இதற்காகத்தான்.

சேர்க்கையில் பயன்படுவது இந்த உத்தேச எண் அல்ல. கேப் எனப்படும் மையச் சேர்க்கையில் பதிவு செய்தபின் தரும் மெரிட் நம்பர். சி.இ.டி. எழுதிய எல்லாரும் கேப்பில் பதிவதில்லை என்பதால் இரண்டும் வேறுபடும்.

ஜே.இ.இ., நீட் எழுதியவர்களுக்கு

ஜே.இ.இ. மெயினில் 75 கேள்வி, 300 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. இதுவும் பல ஷிப்டுகள். பர்சன்டைல் கணக்கு மேலே சொன்னதுதான். இரண்டு முறை எழுதியவருக்கு எது அதிகமோ அது எடுத்துக்கொள்ளப்படும். நீட் நாடு முழுக்க ஒரே நாள், ஒரே ஷிப்டில் நடந்துவந்தது. அப்படி ஒரே தாளாக நடக்கும்போது ஷிப்டுச் சமன்பாடு தேவையில்லை. 720-க்கு வாங்கிய மதிப்பெண்ணே வரிசையைத் தீர்மானிக்கிறது. சி.இ.டி.யில் கழிவு இல்லை என்ற நினைப்பில் ஜே.இ.இ.யிலும் தெரியாததை எல்லாம் அழுத்திவிட்டு வருவது ஆண்டுதோறும் நடக்கும் தவறு.

சி.பி.எஸ்.இ. வீடுகளுக்கு

நவி மும்பையில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நிறைய. அங்கே இரண்டு விஷயங்கள் வேறு.

1. சி.பி.எஸ்.இ. விழுக்காடு போட்டுத் தருவதில்லை. பாடவாரி மதிப்பெண் மட்டுமே. விழுக்காட்டை எந்தப் பாடங்களுக்குப் போடுவது என்பதைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி முடிவு செய்யும்.
2. ஏ1, ஏ2 என்ற கிரேடுகள் மதிப்பெண்ணின் படிக்கட்டு அல்ல. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று எட்டுத் துண்டாகப் பிரிக்கிறார்கள். அதனால் ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு பாடங்களில் இரண்டு கிரேடு வரலாம். "91 வாங்கியும் ஏன் ஏ1 இல்லை?" என்று பள்ளியில் சண்டை போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் கணக்கு: தமிழ்நாட்டின் 200

ஊரோடு தொடர்பு விடாத குடும்பங்கள் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கின்றன. அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே கட்-ஆஃப் ஆகிறது.

1. கணிதம் முழுதாக: 81.
2. இயற்பியலில் பாதி: 34.
3. வேதியியலில் பாதி: 37.
4. கூட்டினால் 200-க்கு 152.

கணிதத்தின் ஒரு மதிப்பெண் இங்கே மற்ற இரண்டின் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். இது தெரியாமல், பி.சி.எம். விழுக்காடான 74.33-ஐ இரண்டால் பெருக்கி 148.66 என்று எழுதினால் நமக்கே மூன்றுக்கும் மேல் நஷ்டம்.

வேறு வாரியத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு படி உண்டு. அந்த வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண்ணைத் தமிழ்நாட்டு வாரியத்தின் உச்சத்தோடு சமமாக்குவார்கள். தமிழ்நாட்டில் உச்சம் 100, வேறு வாரியத்தில் 90 என்றால் அந்த 90, 100 ஆகும். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 கிடைக்கும். இரண்டு வாரியத்திலும் யாரோ ஒருவர் 100 வாங்கிவிட்டால் எண் மாறாது. ஆகவே இதை நம்பிக் கட்-ஆஃபைக் கூட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். சமப்படுத்தும் வேலை அவர்களுடையது. நீங்கள் படிவத்தில் அசல் மதிப்பெண்ணையே எழுத வேண்டும்.

குறிப்பு: கணக்குச் சரியாக இருந்தும் காகிதம் இல்லாமல் இடம் இழப்பவர்கள் உண்டு. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக்காரர்கள் பிறப்பிடச் சான்று (நேட்டிவிட்டி) கொடுக்க வேண்டும். சாதிச் சான்றும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஊரில் தாலுகா அலுவலக வேலையை முடிவு வரும் வரை தள்ளிப்போடாமல் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ போகும்போதே தொடங்கிவிடுங்கள். வாரியத்தின் மைக்ரேஷன் சான்றையும் சில கல்லூரிகள் கேட்கும். அங்கே டி.சி. என்பதை இங்கே எல்.சி. என்பார்கள், இரண்டு தாள் தேடி அலைய வேண்டாம், ஒன்றுதான்.

மதிப்பெண் சந்தேகமாக இருந்தால்

கோபர்கைரனேக்காரர்களுக்கு ஒரு வசதி, மகாராஷ்டிர வாரியத்தின் மும்பை மண்டல அலுவலகம் வாஷியில் இருக்கிறது. வாஷி லோக்கலில் ஏறினால் துர்பே, சான்பாடா, அடுத்தது வாஷி. ஆனால் முதலில் அங்கே ஓடாதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். அலுவலகம் கடைசிப் படி.

வரிசை மாறாமல் செய்யுங்கள்:

1. முதலில் உங்கள் கூட்டல். ஆறு பாடத்தையும் நீங்களே கூட்டி, தாளில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.
2. எந்தப் பாடம் என்று முடிவு செய்யுங்கள். எதிர்பார்த்ததைவிட நான்கைந்து குறைந்தால் அது உங்கள் கணிப்பின் பிழையாக இருக்கலாம். 20, 25 குறைந்தால் பார்க்க வேண்டியதுதான்.
3. செய்முறை மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். அதை ஜூனியர் காலேஜில் கேளுங்கள். மறுமதிப்பீடு எழுத்துத் தாளுக்கு மட்டுமே. செய்முறையில் குறைந்ததை அங்கே மீட்க முடியாது.
4. விடைத்தாள் நகல் கேளுங்கள். மராத்தியில் சாயாப்ரத் என்பார்கள். கூட்டலை மட்டும் சரிபார்ப்பது (குண்படதாளணி) தனி விண்ணப்பம். மறுமதிப்பீடு (புனர்மூல்யாங்கன்) வேண்டும் என்றால் நகல் வாங்கியிருக்க வேண்டும். நேராக அதற்குத் தாவ முடியாது.
5. நகலை மூன்று முறை புரட்டுங்கள். முதல் முறை, மதிப்பெண் போடாமல் விட்ட விடை இருக்கிறதா என்று மட்டும். இரண்டாம் முறை, உள்ளே போட்ட மதிப்பெண்கள் முகப்புப் பக்கத்துக்குச் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று. மூன்றாம் முறை, சப்ளிமெண்ட் தாள்கள் அத்தனையும் இருக்கின்றனவா என்று. மூன்றையும் ஒரே புரட்டலில் செய்தால் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தப்பும்.
6. பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். பெற்றோர் கண்ணுக்கு எல்லா விடையும் சரியாகத்தான் தெரியும்.
7. நாளை எண்ணுங்கள். நகல் கையில் கிடைத்த நாளிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அண்மை ஆண்டுகளின் நடைமுறை. நகல் வந்த தேதியை அதன் மூலையிலேயே எழுதிவையுங்கள்.

மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடலாம், குறையலாம், அப்படியே இருக்கலாம். குறைந்தாலும் அதுதான் இறுதி. இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- பெயர்க் கட்டம். மகாராஷ்டிர மார்க்‌ஷீட்டில் குடும்பப் பெயர் முதலில், பிறகு மாணவர் பெயர், பிறகு அப்பா பெயர். நம் வீடுகளில் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, தாத்தா பெயரை அப்பா கட்டத்தில் போட்ட படிவங்கள் உண்டு. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், பன்னிரண்டாம் வகுப்பு, ஆதார், நுழைவுத் தேர்வு விண்ணப்பம் நான்கிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரே தாளில் கீழே கீழே எழுதிப் பாருங்கள். வேறுபட்டால் பள்ளி வழியாக மண்டல அலுவலகத்தில் திருத்தம் கேட்க வேண்டும். சேர்க்கை வாரத்தில் இது நடக்காது.
- 2021-ஆம் ஆண்டோடு ஒப்பிடுவது. கொரோனா காரணமாக அந்த ஆண்டு தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 30, பதினொன்றிலிருந்து 30, பன்னிரண்டிலிருந்து 40 என்ற விகிதத்தில் மதிப்பெண் போட்டார்கள். மாநிலத் தேர்ச்சி 99.63 விழுக்காடு. தேர்வு நடந்த 2025-இல் 91.88. "அக்கா 90 வாங்கினாளே" என்று தங்கையை அந்தத் தாளோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.
- பர்சன்டைலை விழுக்காடு கட்டத்தில் எழுதுவது. வங்கிக் கடன், உதவித்தொகைப் படிவங்களில் இது அதிகம். படிவம் கேட்பது வாரிய மதிப்பெண் என்றால் 77.17, நுழைவுத் தேர்வு என்றால் 92.
- சமநிலை விதியைப் பார்க்காமல் விடுவது. தமிழ்நாட்டில் ஒரே கட்-ஆஃப் பலருக்கு வரும்போது முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், எல்லாம் சமமானால் வயதில் மூத்தவர், அதுவும் சமமானால் ரேண்டம் எண். 152 என்ற ஒரே எண்ணுக்குள் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது.

பாதுகாப்பு

1. சீட் நம்பரை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஹால் டிக்கெட்டோடு எடுத்த செல்ஃபியில் சீட் நம்பர் தெரியும். தாயின் பெயர் பக்கத்து வீட்டுக்கே தெரியும். முடிவைத் திறக்க அவ்வளவுதான் தேவை.
2. லாகின் உங்கள் கையில் இருக்கட்டும். கேப் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் படிவம் நிரப்பும் கடைக்காரரிடம் விட்டுவராதீர்கள். விருப்பப் பட்டியலை வேறு யாரும் மாற்றிவிட முடியும். படிவத்தை அங்கேயே நிரப்பினாலும் மொபைல் எண் வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். வந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.
3. "மார்க் ஏற்றித் தருகிறேன்" என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். மதிப்பெண் மாறுவதற்கு மேலே சொன்ன விண்ணப்பங்களைத் தவிர வேறு வழி இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.
4. பிள்ளையைக் கவனியுங்கள். முடிவு வரும் நாளில் பிள்ளை தனியாக அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். எண் குறைந்திருந்தால் அன்று கணக்கு வேண்டாம். சாப்பாடு, தூக்கம், பேச்சு போதும். தோற்ற பாடத்துக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. வாங்கிய மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுதும் திட்டமும் வாரியத்தில் இருக்கிறது. மனம் மிகவும் கனத்துப்போனால் 14416, டெலி மானஸ். எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக ஒரு தாள்

எல்லாக் கணக்கும் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து ஐந்து வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண், எத்தனைக்கு, யாருக்கு.

1. 463 – 600-க்கு – வாரியம், அத்தைக்கு 77.17.
2. 223 – 300-க்கு – கேப் தகுதி; கிளாஸ் சாருக்கு 74.33.
3. 386 – 500-க்கு – ஐ.ஐ.டி., என்.ஐ.டி. தகுதி, 77.20.
4. 92 – நூறு பேரில் – சி.இ.டி. வரிசை.
5. 152 – 200-க்கு – தமிழ்நாட்டுக் கலந்தாய்வு.

இதை பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். சேர்க்கை முடியும்வரை எந்தப் படிவம் வந்தாலும் இந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒரு மூலையில் சின்னதாக 926 என்றும் எழுதுங்கள். தாத்தா இரவு மறுபடியும் போன் செய்வார். அப்போது யார் எடுத்தாலும் சொல்லலாம்.